ஹில்ஸ்பரோவில் பெரியவரின் கையெழுத்து

இந்தப் பயணம் ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. பழைய கையெழுத்துகளைத் தேடிப் போகும் பயணங்கள் பற்றிச் சென்ற ஆண்டு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆக்லாந்திலிருந்து சிவநேசன் என்பவர் எழுதினார்: "அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் தன்ர கையால எழுதின கடிதம் நாலு என்னட்டை இருக்கு. பாக்கிறதுக்கு நீங்கள் அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. நியூசிலாந்துக்கு வந்தால் காணும், அதுவே போதும்."

செய்தியாளனாக வேலை பார்த்த காலத்தில் இந்த மாதிரி அழைப்புகள் நிறைய வந்திருக்கின்றன. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், கடைசியில் நினைவுப்பொருள் கடையில் வாங்கிய அச்சுப் பிரதி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். எனவே படம் கேட்டேன், வந்தது. ஏலத்தில் வாங்கியதற்கான தாள்களைக் கேட்டேன், அவையும் வந்தன. மனிதர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "கேளுங்கோ, கேக்கிற ஆள்தான் எனக்கு வேணும்" என்று மட்டும் எழுதினார். அவர் ஓய்வுபெற்ற மருந்தாளர். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி மலருடன் ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் இருக்கிறார்.

அந்த அதிபர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் தங்களுக்குள் சண்டையிட்ட உள்நாட்டுப் போரில் நாட்டை நடத்தியவர். போர் முடிகிற வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். பெயர் உங்களுக்கே தெரியும். சிவநேசன் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அங்கே அவர் 'பெரியவர்'. நானும் அப்படியே எழுதுகிறேன்.

தேதியை முடிவு செய்தது மூன்றாவது மின்னஞ்சல். நகரத்தில் உள்ள ஒரு நூலகம், இந்தக் கடிதங்களில் ஒன்றை ஆறு மாதம் காட்சிக்கு வைக்க விரும்புகிறது. நூலகத்தின் காகிதப் பாதுகாப்பு வல்லுநர் செப்டம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்து, ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்வார். "அதுக்கு முதல் வந்தால் கையில எடுத்துப் பாக்கலாம். பிறகு கண்ணாடிக்கு வெளியில நிண்டுதான் பாக்கவேணும்." புதன்கிழமைக்குள் அங்கே இருப்பதாகப் பதில் போட்டேன்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நியூசிலாந்து விசா கட்டாயம். நான் இரண்டு மாதம் முன்பே இணையத்தில் விண்ணப்பித்தேன், மூன்று வாரத்தில் வந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம். அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு. பிறகு ஆக்லாந்துக்குப் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. செவ்வாய்க்கிழமை நண்பகலில் இறங்கினேன். நம் கடிகாரத்துக்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறிலிருந்து ஏழரையாகிவிடும்.

இறங்கியதும் தருகிற விவரப் படிவத்தில் சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். முறுக்கு, பருப்புப் பொடி எல்லாமே சேர்த்தி. சொல்லாமல் மாட்டினால் அபராதம் நானூறு டாலர். நான் இரண்டையும் எழுதினேன். அதிகாரி பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நெய்யும் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

நான் அறை எடுத்திருந்தது மவுண்ட் ரோஸ்கில்லில். விமான நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். வாடகைக் காருக்கு ஐம்பத்தெட்டு டாலர் ஆனது. பேருந்தில் மாறி மாறிப் போனால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் பெட்டியோடு ஏறி இறங்க வேண்டும், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஓட்டுநர் அந்தோணி மலேசியத் தமிழர், கிள்ளானில் பிறந்தவர்.

"ஹாலிடேயா சார்?"

"ஒரு கடிதம் பார்க்க வந்தேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "வாட்ஸ்அப்ல போட்டோ கேட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்லா."

"போட்டோவும் வந்துச்சு. அதைப் பார்த்துட்டுதான் வந்தேன்."

"அப்ப சரி சார்," என்றார். வழியில் ஒரு பாலம் தாண்டுகிற வரை அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தவர்போல இருந்தார். "எங்கம்மா எழுதின லெட்டர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அதைப் பார்க்க எவனும் பிளேன் ஏறி வர மாட்டான்."

புதன்கிழமை காலை மழை, அரை மணியில் வெயில், மறுபடி மழை. இந்த ஊரில் குடையைவிடத் தொப்பியுள்ள மழைச்சட்டை உதவும். காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும். மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து ஹில்ஸ்பரோ மூன்று கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் ஏறக்குறைய மூன்று டாலர், பயண அட்டை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. சாலை ஏறி இறங்குகிறது. ஏறும்போது வீடுகள், இறங்கும்போது வீடுகளுக்கு இடையில் மனுக்காவ் துறைமுகத்தின் தண்ணீர். நான் போனபோது கடல் உள்வாங்கியிருந்த நேரம், சாம்பல் நிறச் சேறு வெகுதூரம் தெரிந்தது. வேலியோரங்களில் கோவாய் மரங்கள் இலையைவிட அதிகமாக மஞ்சள் பூவை வைத்திருந்தன. செப்டம்பரில் அங்கே வசந்தம்.

கதவைத் திறந்தவர் மலர். அறுபதைத் தாண்டியவர். ஒரு குழந்தைகள் பராமரிப்பு மையத்தில் இருபது ஆண்டு வேலை செய்துவிட்டு, இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகிறார்.

"வாங்கோ அண்ணை. இவ்வளவு பெரிய வீடு இருக்கேக்க ஏன் காசு குடுத்து வெளியில படுக்கிறியள்?"

"உங்களுக்கு சிரமம் வேணாம்னுதான்..."

"சிரமமோ? நாலு கடுதாசியோட முப்பது வருசம் குடித்தனம் நடத்துறன். நீங்கள் ஒரு ஆள் கூட வந்தால் என்ன?"

சிவநேசன் பின்னால் நின்று சிரித்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு கண்ணாடிகள்.

கடிதங்களை உடனே பார்க்க முடியாது. அந்த வீட்டில் முறை அப்படி. முதலில் சாப்பாடு. பிட்டு, சொதி, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, நன்றாகக் காயும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கையுறை கேட்டேன். கூடாதாம். உறை போட்ட விரலுக்குக் காகிதத்தின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவோம். சுத்தமான வெறும் கைதான் சரி.

"நகத்தைக் காட்டுங்கோ," என்றார் சிவநேசன். காட்டினேன். "மஞ்சள் இருக்கு. இன்னொருக்காக் கழுவிப்போட்டு வாங்கோ. மஞ்சள் பட்டால் போகாது."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மலர் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, போய்விட்டார்.

மூன்று கடிதங்கள் மேசைக்கு வந்தன. மூன்றுக்கும் மலர் பெயர் வைத்திருக்கிறார். ஒன்று 'குசினி', ஒன்று 'கூரை', ஒன்று 'கார்'. எந்தச் செலவைத் தள்ளிப் போட்டு எது வாங்கப்பட்டதோ அதன் பெயர். குசினியில், வேலை தேடும் ஒருவரைப் பார்த்துப் பேசும்படி ஒரு அலுவலகத்துக்கு எழுதிய சிபாரிசு. கூரையில், கடிதம் கொண்டுவரும் ஆளைச் சந்திக்கும்படி ஒரு தளபதிக்குச் சின்னக் குறிப்பு. கார் என்பது, கையெழுத்து கேட்ட யாருக்கோ அனுப்பிய ஒற்றை வரி. இவற்றால் வரலாறு எதுவும் மாறவில்லை. போர் நடத்திக்கொண்டிருந்த ஒருவர், ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து நின்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த துண்டுகள்.

"நீளமான கடிதம் எல்லாம் பெரிய நூலகங்களிலையும் பெரிய பணக்காரரிட்டையும் இருக்கு," என்றார் சிவநேசன். "எனக்கு எட்டினது இந்தத் துண்டுகள்தான். ஆனா துண்டிலதான் மனிசனைத் தெரியும். பேச்சை யாராவது திருத்திக் குடுப்பினம். இதை யார் திருத்துறது?"

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். மவுண்ட் ரோஸ்கில்லில் மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது, நாள் முழுவதும் வைத்தியர்களின் எழுத்தைப் படிப்பதே வேலை. ஒரு வாடிக்கையாளர் விட்டுப்போன சஞ்சிகையில் பெரியவரின் கையெழுத்துப் படம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. வெட்டி எடுத்து மருந்து அலமாரிமேல் ஒட்டினார். "எந்த டொக்டர் உள்ளுக்கு வந்தாலும் காட்டுவன். பாருங்கோ, இந்த மனிசன் யுத்தத்துக்கு நடுவில இப்பிடி எழுதியிருக்கிறார், உங்களுக்கு ஒரு இருமல் மருந்து எழுதத் தெரியேல்லையோ எண்டு."

போலியைக் கண்டுபிடிக்க அவர் பார்ப்பது வேகத்தை. போலி எழுதுகிறவன் பார்த்துப் பார்த்து வரைகிறான், கோடு ஒரே தடிப்பாகப் போகும். சொந்தக்காரன் ஓடுகிறான், ஓடுகிற இடத்தில் மெலியும், திரும்புகிற இடத்தில் மை தேங்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நூற்றாண்டுக்கு மேல் பழைய மை, கறுப்பு விட்டுப் பழுப்பாகியிருக்கிறது. தன் பெயரின் முதலெழுத்தைப் போடும்போது மட்டும் பெரியவர் பேனாவைச் சற்று அழுத்துகிறார். அதைப் பார்க்கும் வரை அவர் எனக்குப் பாடப்புத்தகப் படம்தான். அழுத்தத்தைப் பார்த்ததும் ஒரு ஆள் ஆகிவிட்டார்.

"நாலுன்னு எழுதியிருந்தீங்களே சார்?"

சிவநேசன் குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்தார். நூலகம் கேட்டிருப்பது இந்த நாலாவதைத்தான். இதற்கு மலர் பெயர் வைக்கவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது.

ஒரு தாயின் மனு அது. வயது நிரம்பாத மகன் படையில் சேர்ந்துவிட்டான், அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டு அவள் எழுதியது. பெரியவர் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறார். பையனை விட்டுவிடும்படி. தேதி, கையொப்பம். அவ்வளவுதான்.

கையொப்பத்துக்குக் கீழே, கட்டைவிரல் அகல தூரத்தில், ஒரு பயறு அளவில் மஞ்சள் புள்ளி. நடுவில் சிவப்பு. எனக்கு அது என்ன என்று தெரிந்துகொள்ள உருப்பெருக்கி தேவைப்படவில்லை. சந்தனப் பொட்டு. குங்குமம் வைத்த சந்தனப் பொட்டு.

"போன வருசச் சரஸ்வதி பூசை," என்றார் சிவநேசன், குரலைத் தாழ்த்தி. "படம் எடுக்கிறதுக்கு வெளியில எடுத்து மேசையில வச்சிட்டுக் கடைக்குப் போனனான். வந்து பாத்தால் சாமியறையில, புத்தகங்களுக்கு மேல இருக்கு."

நம் வீடுகளில் அன்று புத்தகம், பேனா, தையல் இயந்திரம், கார் என எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறோம். ஆனால் ஒரு அமெரிக்க அதிபரின் கையெழுத்துக்குப் பொட்டு வைத்த வீடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"நூலகத்துக்குத் தெரியுமா?"

"இல்லை. நான் அனுப்பினது அதுக்கு முதல் எடுத்த படம். வெள்ளிக்கிழமை வந்து பாத்தால் தெரியும்தானே." மூடி வைத்தார். "முப்பது வருசமா சேர்க்கிறன் அண்ணை. வீட்டுக்கு வெளியில ஒருத்தரும் பாக்கேல்லை. இப்பதான் ஒரு இடத்தில கேட்டிருக்கினம். வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம் எண்டால் இனி ஒருத்தரும் கேக்கப் போறதில்லை."

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்டது.

வியாழக்கிழமை மழை விட்டு வெயில் நிலைத்தது. இருவரும் என்னை எப்சம் வழியாகக் கார்ன்வால் பூங்காவுக்கும் ஒற்றை மரக் குன்றுக்கும் கூட்டிப்போனார்கள். மலர்தான் காரை ஓட்டினார். ஹில்ஸ்பரோவிலிருந்து பதினைந்து நிமிடம். அனுமதிக் கட்டணம் இல்லை. நகரத்துக்கு நடுவில் ஆட்டு மந்தை மேய்கிறது. செப்டம்பரில் போனால் குட்டிகளைப் பார்க்கலாம், நாயை அவிழ்த்துவிடக் கூடாது, குட்டியைத் தொடக் கூடாது. உச்சிக்கு நடந்தே போங்கள், அரை மணி. மேலே நின்றால் இரண்டு பக்கமும் இரண்டு துறைமுகம் தெரியும். காற்று கொஞ்சம் பலமாக இருக்கும்.

சிவநேசன் உச்சிக்கு முன்னால் போய்விட்டார். மலருக்கு முழங்கால் வலி, பாதி வழியில் ஒரு கல் மதில்மேல் உட்கார்ந்தார். நானும் துணைக்கு நின்றேன்.

"நாளைக்கு அந்த மனிசி என்ன சொல்லுவா அண்ணை?"

"தெரியலைம்மா."

"வேண்டாம் எண்டு சொன்னாலும் இவர் என்னை ஏசமாட்டார். அதுதான் கரைச்சல். ஏசினால் நானும் நாலு சொல்லிப்போட்டு முடிச்சிருப்பன். ஒரு வருசமா அலமாரிச் சாவியைப் பொக்கற்றுக்க வச்சுக்கொண்டு திரியிறார். கள்ளியிட்ட இருந்து ஒளிச்சு வைக்கிற மாதிரி."

"நீங்க ஏன் வச்சீங்கன்னு அவர் கேட்கலையா?"

"கேக்கேல்லை. நான் தெரியாமல் வச்சிட்டன் எண்டு அவரே முடிவு கட்டிட்டார். அவருக்கு அதுதான் வசதி." ஆட்டுக்குட்டி ஒன்று வேலிக்கருகில் வந்து அவரைப் பார்த்தது. "போ மேனே, கொம்மா தேடுறா," என்றார் அதனிடம், மகனை அம்மாவிடம் அனுப்புகிற குரலில்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காகித வல்லுநர் வந்தார். ஜேனட் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், நியூசிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர். காலணியை வாசலில் தானாகவே கழற்றினார். தட்டையான ஒரு பெட்டி, விளக்கு, தூரிகைகள். சிவநேசன் கோட்டு அணிந்திருந்தார். மலர் குசினி வாசலோடு நின்றுவிட்டார். நான் ஓரத்தில் ஒரு நாற்காலியில்.

கடிதத்தை மேசையில் வைத்ததும் ஜேனட் முதலில் கையெழுத்தைத்தான் பார்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். பிறகு கண்ணாடி மெதுவாகக் கீழே இறங்கி, புள்ளியில் நின்றது.

"இது நீங்கள் அனுப்பிய படத்தில் இல்லை."

"இல்லை," என்றார் சிவநேசன். "பிறகு நடந்தது."

ஜேனட் மெல்லிய தூரிகையால் ஓரத்தைத் தொட்டார். காய்ந்த சந்தனம் கொஞ்சம் தூளாக வந்தது. சிவப்பு வரவில்லை. அது நாருக்குள் இறங்கிவிட்டது என்றார். நூலகத்தின் வேலைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் வைத்துப் பெரும்பகுதியை எடுக்க முயலலாம். ஆனால் மை பக்கத்தில் இருக்கிறது. இந்த மை ஈரத்தைக் கண்டால் நகரும், சுற்றிலும் பழுப்பு வளையம் விழலாம். உறுதி சொல்ல முடியாது. முயல்வதா விடுவதா என்பதை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். காட்சிக்கு வைப்பதை அந்தப் புள்ளி தடுக்காது. ஆனால் தாளின் நிலையை அவர் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"இது தவறிப் பட்ட கறையா, யாராவது வைத்ததா? இரண்டும் எங்களுக்கு ஒன்றல்ல. தவறிப் பட்டதென்றால் அது சேதம். வைத்ததென்றால் அது அந்தத் தாளுக்கு நடந்த கதையில் ஒரு பகுதி."

"தவறிப் பட்டதுதான்," என்றார் சிவநேசன். அவசரமாக வந்த பதில் அது. மனைவியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

"இல்லை."

மலர் வாசலிலிருந்து மேசைக்கு வந்துவிட்டிருந்தார். அதுவரை ஆங்கிலத்தில்தான் பேச்சு. அந்த ஒரு சொல்லையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார். அதற்குப் பிறகு தமிழுக்கு மாறினார்.

"இஞ்சாருங்கோ, நான் சொல்லுறதை அவவுக்கு அப்பிடியே சொல்லுங்கோ. கூட்டிக் குறைச்சுச் சொல்லக்கூடாது."

"நீர் இங்கிலிசிலயே சொல்லுமன்."

"இதுக்கு என்னட்டை இங்கிலிஸ் இல்லை."

அவர் சொன்னது இது. கேட்டபடியே எழுதுகிறேன்.

"வச்சது நான். தெரிஞ்சுதான் வச்சனான். முப்பது வருசமா இவர் வாங்கின ஒண்டையும் நான் வாசிச்சதில்லை. வெள்ளைக்காரன்ர கடுதாசி எனக்கு ஏன் எண்டு விட்டிட்டன். போன வருசம் மேசையில இது கிடந்தது, இவர் வடிவா எழுதின பிரதியும் பக்கத்தில கிடந்தது. தூசி துடைக்கப் போனவள் நிண்டு வாசிச்சன்."

சிவநேசன் மொழிபெயர்த்தார். சரியாகவே செய்தார்.

"என்ர தம்பியைக் கொண்டு போகேக்க அவனுக்குப் பதினாறு வயசு. அம்மா மனு எழுதுவிச்சு, எழுதுவிச்சு, ஒவ்வொரு வாசலாக் கொண்டுபோய்க் குடுத்தவ. வாங்கி வச்சினம். சிலர் வாங்கவும் இல்லை. ஒருத்தரும் அதைத் திருப்பிப் பின்பக்கத்தில ஒரு வரி எழுதித் தரேல்லை. தம்பி வரவும் இல்லை."

இதையும் சிவநேசன் சொல்லத் தொடங்கினார். மனு, ஒவ்வொரு வாசல் என்பது வரை போனார். அதற்குமேல் ஆங்கிலம் தெரியாதவர்போல நின்றார். அவருக்குத் தெரியாத செய்தி அல்ல. மைத்துனனின் படம் சாமியறையில் இருக்கிறது, அவரே மாலை வாங்கிப் போடுகிறார். ஆனால் அந்த மனுவும் இந்த மனுவும் அவருக்குள் இதுவரை ஒரே மேசையில் இருந்ததில்லை.

ஜேனட் அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, மிச்சத்தைச் சிவநேசன் மெதுவாகச் சொல்லி முடித்தார்.

"இந்த மனிசன் எழுதியிருக்கிறார்," என்றார் மலர். "ஒரு தாயின்ர கடுதாசியைத் திருப்பி, பொடியனை விடு எண்டு. அதுக்குத்தான் வச்சனான். புத்தகத்துக்கு வைக்கிற மாதிரி."

அதையும் சிவநேசன் மொழிபெயர்த்த பிறகு, ஜேனட் அவரிடம் கேட்டார்: "எடுக்க முயலட்டுமா?"

அவர் ஜேனட்டைப் பார்க்கவில்லை. "ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?" என்றார், தமிழில்.

"நீங்கள் கேட்டனீங்களே?"

சிவநேசன் தாளைக் குனிந்து பார்த்தார். பிறகு அவர் ஆங்கிலத்துக்குத் திரும்பினார். "அதைத் தொட வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நான் முன்பு சொன்னது பிழை. என் மனைவி வைத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்."

"பேர் வேண்டாம்," என்றார் மலர். "வீட்டில ஆரோ எண்டு போடுங்கோ."

ஜேனட் எழுதினார். அது என்ன பொருள், எதில் குழைத்தது என்று விவரம் கேட்டார். சந்தனத்தூள், பன்னீர், மவுண்ட் ரோஸ்கில் கடையில் வாங்கிய குங்குமம். பின்னாளில் அது காகிதத்தை என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால் மாதிரி கேட்டார். மலர் சாமியறையிலிருந்து குங்குமச் சிமிழையே கொண்டுவந்துவிட்டார். ஜேனட் ஒரு சிட்டிகையைச் சின்னக் குப்பியில் போட்டு மூடினார்.

"அவவின்ர நெத்திக்கும் வேணுமோ எண்டு கேளுங்கோ," என்றார் மலர்.

சிவநேசன் சிரித்தார். மூன்று நாளில் அவர் அப்படிச் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். கடிதம் பெட்டிக்குள் போய் மூடிய பிறகுதான் தேநீர் வந்தது. அந்த முறை மட்டும் மாறவில்லை.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். குளிர் இருக்கும், கம்பளிச் சட்டை ஒன்று போதும். ஆனால் வெயில் ஏமாற்றும், குளிருகிற நாளிலும் தோல் கருகும், களிம்பு பூசுங்கள். மவுண்ட் ரோஸ்கில்லில் அறைக்கு ஒரு இரவுக்கு நூற்றுப் பத்து டாலர் கொடுத்தேன். நடந்துபோகிற தூரத்தில் நம் மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. மின்செருகி நம்முடையது அல்ல, சாய்ந்த முனைகள் கொண்டது, மாற்றி ஒன்று கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு.

கையெழுத்துச் சேகரிப்பில் இறங்க விரும்புகிறவர்களுக்கு, சிவநேசன் சொன்னதை அப்படியே தருகிறேன். பெரிய பெயரில் தொடங்காதீர்கள். முதலில் அசல் எழுத்துகளை நூலகங்களில் போய்ப் பாருங்கள், கண் பழக வேண்டும். எங்கிருந்து எப்படி வந்தது என்று சொல்லாத தாளை வாங்காதீர்கள். சுவரில் மாட்டாதீர்கள், வெளிச்சம் மையைத் தின்னும். அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். வாங்கியதை வீட்டில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பூட்டி வைப்பது அதற்குப் பிறகு.

ஆக்லாந்து போகிறவர்கள் அந்தக் கடிதத்தைப் பார்க்கலாம், அடுத்த ஆறு மாதம் காட்சியில் இருக்கும், கட்டணம் இல்லை. கண்ணாடிப் பெட்டிமேல் வெளிச்சத்தைத் தடுக்கக் கனமான துணி போட்டிருப்பார்கள். அதை நீங்களே தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும்.

துணியைப் பற்றி ஜேனட் விளக்கியபோது மலர் ஒன்று கேட்டார். சரஸ்வதி பூசை, காட்சி தொடங்குகிற வாரத்துக்கு மறுவாரம் வருகிறது. அன்று நம் வீடுகளில் புத்தகத்தைத் திறப்பதில்லை, வாசிப்பதில்லை. அந்த ஒரு நாள் துணியை யாரும் தூக்காமல் இருக்கச் செய்ய முடியுமா? ஜேனட் யோசித்துவிட்டு, அது பொது நூலகம், வருகிறவர்களைத் தடுக்க இயலாது என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

மலரும் கொஞ்சம் யோசித்தார். பிறகு கணவரிடம், "பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ. தூக்கிப் பாக்கிறவை பாக்கட்டும். ஒரு தாய்க்கு வந்த பதில்தானே. அதை எந்த நாள் வாசிச்சாலும் குற்றமில்லை," என்றார்.

எனவே பூசையன்று அங்கே இருக்க நேர்ந்தால் தயங்க வேண்டாம். துணியைத் தூக்கி வாசியுங்கள்.